பூச்சியம் எழுதக்கூடாத மொழி

தெற்கு லண்டனின் மோர்டன் சவுத்தில் தேம்ஸ்லிங்க் ரயில் ஏறினால் செயின்ட் ஹீலியர், சட்டன் காமன், வெஸ்ட் சட்டன், அடுத்து சட்டன். அந்தச் சட்டனில்தான் என்ஜிஎஸ் சாஃப்ட்வேர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இயங்கியது. டேவிட் லிச்ஃபீல்டும் அவர் சகோதரர் மார்க்கும் 2001இல் தொடங்கியது. 2008இல் என்சிசி குழுமம் அதை வாங்கிக்கொண்டது. அசெம்பிளியும் ஷெல்கோடும் படிக்கக் கிளம்புகிறவர்கள் என்றைக்காவது கையில் எடுக்கும் ‘தி ஷெல்கோடர்ஸ் ஹேண்ட்புக்’ நூலை எழுதியவர்களில் டேவிட் லிச்ஃபீல்டும் ஒருவர், அதே நிறுவனத்தில் வேலை பார்த்த கிறிஸ் ஆன்லியும் ஒருவர்.

2002இல் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள நிரலான எஸ்கியூஎல் சர்வரில் லிச்ஃபீல்ட் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். முறைப்படி மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்தார். ஜூலையில் திருத்தம் வெளியானது. அதன்பிறகு லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் அந்த ஓட்டையை மாதிரி நிரலோடு விளக்கினார். திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத சர்வர்கள் உலகம் முழுக்க இருந்தன. 2003 ஜனவரி 25ஆம் தேதி, அந்த மாதிரியை அச்சாக வைத்து யாரோ எழுதிய, தானாகவே பரவும் ‘புழு’ நிரல் ஒன்று இணையத்தில் இறங்கியது. ஸ்லாமர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

முழுப் புழுவும் 376 பைட்தான். தமிழை யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒரு குறிக்கு மூன்று பைட் செலவாகிறது. ‘கி’ என்று எழுதினாலே ஆறு. அந்தக் கணக்கில் 376 பைட்டுக்குள் 125 குறிக்குமேல் அடங்காது, இந்தப் பத்தி முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அத்தனை சிறிய இடத்துக்குள் சர்வருக்குள் நுழைவது, அடுத்த முகவரியைத் தேர்ந்தெடுப்பது, தன்னையே அங்கே அனுப்புவது என்று எல்லாம் இருந்தன. குறைந்தது 75,000 கணினிகளைப் பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடிக்க அதற்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் நின்றன. சியாட்டிலுக்கு அருகே அவசர உதவித் தொலைபேசி நிலையத்தின் கணினிகள் தடுமாறின.

இவ்வளவு சிறிய நிரலை எழுதக் கற்றுத்தருகிறோம் என்று சொல்லித்தான் இன்று இணையவழிப் பாடநெறிகள் விற்பனைக்கு வருகின்றன. மோர்டன், மிச்சம், டூட்டிங் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஏ-லெவலில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை ஒருநாள் அப்படி ஒன்றுக்குப் பணம் கேட்கலாம். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வர நினைக்கிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள். இது என்ன படிப்பு, சட்டப்படி சரியா, பணம் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்கு என்னால் முடிந்த விளக்கம் இது.

கணினியின் புராசஸருக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. நினைவகத்திலிருந்து எண்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் கட்டளையாகப் பார்த்து நிறைவேற்றிக்கொண்டே போகும். சாதாரண மடிக்கணினியில் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி புராசஸரிடம் 184, 1, 0, 0, 0 என்ற ஐந்து பைட்டைக் கொடுத்தால், ‘ஈஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் 1 என்ற எண்ணை வை’ என்று எடுத்துக்கொள்ளும். ரெஜிஸ்டர் என்பது புராசஸருக்குள்ளேயே இருக்கும் மிகச் சிறிய சேமிப்பிடம். மனிதர் 184 என்று எழுதி ஞாபகம் வைத்துக்கொள்வது சிரமம். அதனால் ‘மூவ் ஈஏஎக்ஸ், 1’ என்று எழுதுகிறோம், அசெம்பிளர் என்ற நிரல் அதை எண்ணாக மாற்றித் தருகிறது. அசெம்பிளி மொழி என்பது இவ்வளவுதான். பைத்தானில் ஒரே வரியில் முடியும் வேலைக்கு இங்கே இருபது வரி ஆகலாம். ஆனால் அந்த இருபதில் எதுவும் மறைவாக நடப்பதில்லை.

இந்த மொழியின் பிறப்புக்கும் லண்டனுக்கும் தொடர்பு உண்டு. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் வகுப்பு நடத்தும் பர்க்பெக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த கேத்லீன் பூத், 1947இல் ஏஆர்சி என்ற ரிலே கணினிக்காகக் கட்டளைகளைக் குறியீடுகளாகச் சுருக்கி எழுதும் முறையை வகுத்தார். அசெம்பிளிக்கு வித்திட்டவர் என்று பெரும்பாலும் அவரையே சொல்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து கேம்பிரிட்ஜில் டேவிட் வீலர், எட்சாக் கணினியில் எழுத்துகளால் எழுதிய கட்டளையைக் கணினியே எண்ணாக மாற்றிக்கொள்ள வழி செய்தார். பூத் அம்மையார் நூறு வயது வரை வாழ்ந்து 2022இல் காலமானார்.

ஏ-லெவல் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஓசிஆர் பாடத்திட்டத்தில் ‘லிட்டில் மேன் கம்ப்யூட்டர்’ என்ற பயிற்சிக் கணினிக்குச் சிறு சிறு அசெம்பிளி நிரல் எழுதச் சொல்வார்கள். அதை ரசித்துச் செய்த பிள்ளை இதையும் ரசிக்கும். அதிலேயே அலுத்துப்போன பிள்ளைக்கு இந்தப் பாடநெறி நிச்சயம் தண்டனை.

ஷெல்கோட் என்பது அசெம்பிளியில் எழுதிய, வேறொரு நிரலின் நினைவகத்துக்குள் போட்டு ஓடவைக்கும் சிறு துண்டு. முதலில் இவை பெரும்பாலும், கட்டளைகளை வாங்கி இயக்கும் யூனிக்ஸ் ஷெல்லைத் திறந்து தரவே எழுதப்பட்டன, பெயர் அப்படியே தங்கிவிட்டது. எப்படி உள்ளே போகிறது என்பதற்கு ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். தாளின் மேல்பாதி சாமான் பட்டியலுக்கு. அடியில் ‘முடிந்ததும் வீட்டுக்கு வா’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேல்பாதியை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து அவர் தேவையை எழுதச் சொல்கிறீர்கள். அவர் அளவு மீறி எழுதி, கடைசி வரியையும் அழித்து, அதன்மேல் வேறு முகவரியை எழுதிவிட்டால் பிள்ளை அங்கேதான் போகும். ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில், வெளியிலிருந்து வரும் தரவுக்கான இடமும், வேலை முடிந்ததும் நிரல் திரும்ப வேண்டிய முகவரியும் இப்படி அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அளவைச் சரிபார்க்காமல் தரவை வாங்கினால், அனுப்புகிறவர் அந்த முகவரியை மாற்றி, தான் அனுப்பிய எண்களையே கட்டளையாக ஓடவைக்க முடியும்.

1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு இப்படித்தான் ஒரு வழியில் பரவியது. பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் என்ற சேவை தரவுக்கு ஒதுக்கியிருந்தது 512 பைட். புழு அனுப்பியது 536. வாக்ஸ் கணினிகளில் அது வேலை செய்தது, சன் கணினிகளில் நிரல் செத்து விழுந்ததோடு சரி. வாக்ஸுக்கு எழுதிய எண்கள் சன் புராசஸருக்குப் புரியாது என்பதை அசெம்பிளி படிக்கிறவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார்.

இனி பூச்சியத்துக்கு வருவோம். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் சுவையாகத் தோன்றும் பகுதி இது.

சி மொழியில் ஒரு சொற்றொடர் எங்கே முடிகிறது என்பதை அதன் கடைசியில் வைக்கும் 0 என்ற பைட்தான் காட்டும். சொற்றொடரை நகலெடுக்கும் நிரல், 0 வந்ததும் நின்றுவிடும். ஷெல்கோட் பெரும்பாலும் சொற்றொடர் வேடத்தில்தான் உள்ளே போகிறது. ஆகவே நடுவில் ஒரே ஒரு 0 இருந்தாலும் பின்பாதி உள்ளே போகாது. மேலே பார்த்த 184, 1, 0, 0, 0 என்ற எளிய கட்டளையிலேயே மூன்று பூச்சியம் இருக்கிறது. என்ன செய்வது?

எக்ஸார் என்ற கட்டளை இரண்டு எண்களை பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் மட்டும் 1 வைக்கும். ஒரு ரெஜிஸ்டரை அதனோடேயே எக்ஸார் செய்தால் எங்கும் வேறுபாடு இருக்காது, எல்லாம் பூச்சியமாகும். 49, 192 என்ற இரண்டு பைட் ஈஏஎக்ஸை அப்படித் துடைத்துவிடும். பிறகு 176, 1 என்று எழுதினால் ஈஏஎக்ஸின் கடைசி பைட்டில் மட்டும் 1 உட்காரும். விளைவு அதே, எழுதியதில் பூச்சியம் இல்லை, ஐந்து பைட்டுக்குப் பதில் நான்கு. இன்னும் சுருக்கலாம்: துடைத்தபின் 64 என்ற ஒரே பைட்டால் ஒன்றைக் கூட்டினால் மூன்றே பைட்டில் முடிந்துவிடும். ஆனால் இது 32 பிட்டில் மட்டும். 64 பிட் முறையில் அதே 64 என்ற எண் அடுத்த கட்டளையின் முன்னொட்டாகிவிடுகிறது. ஒரே எண்ணுக்கு எந்த முறையில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு பொருள்.

இன்னொன்று. லினக்ஸில் ஷெல் இருக்கும் பாதையை எழுதினால் சாய்கோடுகளையும் சேர்த்து ஏழு குறி வரும். 32 பிட்டில் நான்கு நான்காகத்தான் ஸ்டாக்கில் தள்ளுவார்கள். ஏழை எட்டாக்க மீதி ஓரிடத்தில் 0 வந்து உட்கார்ந்துவிடும். அதனால் நடுச் சாய்கோட்டை இரண்டு முறை போடுகிறார்கள். பாதையில் இரட்டைச் சாய்கோடு வந்தால் லினக்ஸ் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பிழைபோலத் தெரியும் அந்த இரட்டைக் கோட்டை உலகம் முழுக்க ஷெல்கோடுகளில் காணலாம்.

பூச்சியத்தைத் தவிர்க்கும் இந்த வித்தையை ஸ்லாமரும் செய்திருக்கிறது. அதன் பொட்டலத்தின் முதல் பைட் 4 ஆக இருந்தால்தான் எஸ்கியூஎல் சர்வரின் ஓட்டையுள்ள பகுதி விழித்துக்கொள்ளும். புழு தன்னை மறுபடி அனுப்ப அந்த 4ஐ மீண்டும் கட்ட வேண்டும். நான்கு பைட்டிலும் 1 இருக்கும் எண்ணை எடுத்து, 5, 1, 1, 1 என்ற எண்ணோடு எக்ஸார் செய்கிறது. கிடைப்பது 4, 0, 0, 0. எங்கும் பூச்சியம் எழுதாமலே மூன்று பூச்சியம் பிறந்துவிட்டது.

அதே புழுவில் ஒரு தவறும் இருந்தது. அடுத்த முகவரியைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் ஒரு ரெஜிஸ்டரைத் துடைக்க வேண்டிய இடத்தில், எழுதியவர் எக்ஸாருக்குப் பதில் ‘ஆர்’ என்ற கட்டளையைப் போட்டுவிட்டார். அது எதையும் துடைக்காது, பழைய எண்ணை அப்படியே விட்டுவிடும். விளைவு, புழுவின் பல பிரதிகள் இணையத்தின் ஒரு பகுதி முகவரிகளையே சுற்றிச் சுற்றித் தேடின. இதைக் கண்டுபிடித்தவர்கள் புழுவைப் பிரித்து, அசெம்பிளியாக வரிவரியாகப் படித்த ஆராய்ச்சியாளர்கள்.

இந்தப் படிப்பின் பயன் எங்கே என்பதற்கு அதுதான் என் பதில். ஷெல்கோட் எழுதத் தெரிந்தால் கணினிகளுக்குள் நுழையலாம் என்பது பெருமளவு பழங்கதை. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக், தரவுப் பகுதியில் இருப்பதைக் கட்டளையாக ஓட்ட மறுக்கும் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. பிறகு நினைவக முகவரிகளை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போடும் முறை விண்டோஸிலும் லினக்ஸிலும் வழக்கமானது. அவற்றைத் தாண்ட, நிரலில் ஏற்கனவே இருக்கும் கட்டளைத் துணுக்குகளைக் கோத்து ஓட்டும் முறை வந்தது. ஹோவாவ் ஷாச்சம் 2007இல் அதற்கு முறையான வடிவம் கொடுத்தார். பல பாடநெறிகளில் முதல் பாடத்திலேயே இந்தப் பாதுகாப்புகளை அணைத்துவிட்டுத்தான் பயிற்சி தொடங்கும். ஆனால் தீங்கான நிரல் ஒன்று கையில் கிடைத்தால் அதன் மூல நிரல் யாரிடமும் இருக்காது. எண்கள் மட்டும்தான் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. படிக்கக் கற்க, எழுதிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2017 மே 12 இந்த நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். வான்னாக்ரை புழு இங்கிலாந்தின் 236 என்ஹெச்எஸ் டிரஸ்ட்களில் குறைந்தது 80ஐப் பாதித்தது. நோயாளிகளின் சந்திப்புகள் ஆயிரக்கணக்கில் தள்ளிப்போயின. அது உள்ளே இறக்கிவைத்த டபுள்பல்சார், விண்டோஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் ஓடும் ஷெல்கோட். டெவனில் வீட்டிலிருந்து வேலை செய்த, பல்கலைக்கழகம் போகாமல் தானே கற்ற மார்க்கஸ் ஹட்சின்ஸ், புழு யாரும் பதிவுசெய்யாத ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கவனித்து அதைப் பத்துச் சொச்சம் டாலருக்குப் பதிவுசெய்தார். பதில் வந்ததும் புழு நின்றது. அவரே சில ஆண்டுகளுக்கு முன் க்ரோனோஸ் என்ற வங்கித் திருட்டு நிரலை எழுதியதற்காக அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் கைதாகி, 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி அதற்குமேல் சிறை விதிக்கவில்லை. பெற்றோர் இந்தக் கதையின் இரண்டு பாதியையும் தெரிந்துகொள்வது நல்லது.

பாடநெறிகளில் நெடுநாள் பேர்பெற்றது, குவாஹாட்டி ஐஐடியில் படித்த விவேக் ராமச்சந்திரன் உருவாக்கிய ‘செக்யூரிட்டிடியூப் லினக்ஸ் அசெம்பிளி எக்ஸ்பர்ட்’. அவருடைய பென்டெஸ்டர் அகாடமி வழியாக வந்தது. 2021இல் அந்த நிறுவனத்தை ஐஎன்இ வாங்கியது. அதன் தேர்வுமுறை எனக்குப் பிடித்திருந்தது. வினாத்தாள் கிடையாது, ஏழு வேலை. ஷெல்லை வலையில் திறந்துவைக்கும் நிரலை நாமே எழுத வேண்டியிருந்தது. பெரிய நினைவகத்துக்குள் தொலைந்து கிடக்கும் தன் மறுபாதியைத் தேடிப் பிடிக்கும் ‘எக் ஹன்ட்டர்’ இன்னொன்று. பிறர் எழுதிய மூன்று ஷெல்கோடுகளை எடுத்து, வேலை மாறாமல் உருவத்தை மட்டும் மாற்றி எழுத வேண்டியிருந்தது, அளவு மூலத்தில் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. மூன்று அந்நிய ஷெல்கோடுகளைப் பிரித்து வரிவரியாக விளக்க வேண்டியிருந்தது. செய்ததை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டால்தான் மதிப்பெண். என் கணிப்பில் பிரித்து விளக்கும் அந்த வேலைதான் ஏழில் தலையாயது. கடைசியாக வரும் மறையாக்க வேலையிலிருந்து கற்பது குறைவு.

இந்தப் படிப்பில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷெல்கோட் எந்த முகவரியில் போய் உட்காரும் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. அப்படியிருக்க, தன் கூடவே வரும் சொற்றொடரை அது எப்படித் தேடும்? கால் என்ற கட்டளை, திரும்பி வர வேண்டிய முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிட்டுத்தான் குதிக்கும். சொற்றொடருக்கு நேர் முன்னால் ஒரு கால் கட்டளையை வைத்தால், ‘திரும்பும் முகவரி’ என்று ஸ்டாக்கில் விழுவது அந்தச் சொற்றொடரின் முகவரி. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதை டீபகர் என்ற சோதனைக் கருவியில் ஒவ்வோர் அடியாக ஓட்டிப் பார்க்காமல் காணொளியை மட்டும் பார்த்தால், புரிந்ததுபோல இருக்கும், மறுநாள் எழுத வராது.

பணம் கொடுக்காமலும் படிக்கலாம். ஓப்பன்செக்யூரிட்டிடிரெய்னிங்2 என்ற தளத்தில் 64 பிட் அசெம்பிளி வகுப்பு இலவசம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பவுன் காலேஜில் ஷெல்கோடுக்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன, உலாவியிலேயே செய்யலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம். புதிய ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் புராசஸர் ஆர்ம் குடும்பம். இன்டெல் அசெம்பிளி அதில் நேரடியாக ஓடாது. பழைய இன்டெல் மடிக்கணினி ஒன்றை மலிவாக வாங்கி லினக்ஸ் போடுவது எளிது.

சட்டத்தைப் பார்ப்போம். 1980களில் ராபர்ட் ஷிஃப்ரீனும் ஸ்டீஃபன் கோல்டும் பிரெஸ்டெல் என்ற தகவல் சேவைக்குள் நுழைந்து, இளவரசர் ஃபிலிப்பின் அஞ்சல்பெட்டி வரை போனார்கள். அவர்கள்மேல் போட்ட வழக்கு போலி ஆவணச் சட்டத்தின்கீழ். 1988இல் பிரபுக்கள் சபை அது செல்லாது என்றது. அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 1990ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம். அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. பின்னர் சேர்த்த 3ஏ பிரிவு, குற்றத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு கருவி செய்வதையும், அப்படிப் பயன்படக்கூடும் என்று நம்பியபடி பிறருக்குக் கொடுப்பதையும் குற்றமாக்கியது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும், இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இதே வழியில் போகின்றன.

ஆக, படிப்பதும் சொந்தக் கணினியில் எழுதி ஓட்டுவதும் குற்றமல்ல. மோர்டன் நூலகத்தின் கணினியோ பள்ளிக்கூடக் கணினியோ சொந்தக் கணினியல்ல, அங்கே வேண்டாம். பயிற்சி முழுவதையும் மெய்நிகர் இயந்திரத்துக்குள், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுச் செய்யலாம். எல்லை தாண்டுகிறானோ என்று பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால், தேசியக் குற்ற முகமை நடத்தும் சைபர் சாய்சஸ் என்ற திட்டம் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போவதற்கல்ல, வழிமாற்றுவதற்காகவே வைத்தது. வெளியிடுவதில்தான் நிதானம் வேண்டும். பாடநெறிக்காக எழுதிய சிறு துண்டை வெளியிடுவது ஒன்று, இன்னும் திருத்தம் போடாத சர்வரைத் திறக்கும் முழு நிரலை வெளியிடுவது வேறு. ஸ்லாமருக்குப் பிறகு லிச்ஃபீல்டே தன் மாதிரி அதற்கு அச்சானதை வெளிப்படையாகச் சொல்லி, இனி இப்படி நிரலை வெளியிடுவது தகுமா என்று கேட்டார். ஓட்டையை முறைப்படி சொல்லி, திருத்தம் வரும்வரை பொறுத்திருந்த மனிதர் அவர்.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. 32 பிட் லினக்ஸ் நிரலுக்கு நாஸ்ம் என்ற அசெம்பிளரைப் பயன்படுத்தலாம், அதுவும் ஜிடிபி டீபகரும் இலவசம். ஒன்றுமே செய்யாமல், 3 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறும் நிரலை எழுதுங்கள். 32 பிட்டில் வெளியேறும் அழைப்பின் எண் 1. 64 பிட்டில் அது 60, அங்கே 1 என்பது எழுதும் அழைப்பு. இரண்டையும் கலந்துவிட்டு இரவு முழுக்கத் தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம். நிரலை ஓட்டியதும் கட்டளை வரியில் முந்தைய நிரல் திருப்பித் தந்த எண்ணைக் கேளுங்கள். திரையில் 3 வந்தால், அதே நிரலைப் பூச்சியம் இல்லாமல் எழுதிப் பாருங்கள். பணம் கட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.